நாய்க்கு உடம்பு சரியில்லையா? நாய் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் கால்நடை மருத்துவன் இல்லை. வீட்டில் எப்போதும் ஒரு நாயாவது இருந்துகொண்டே இருக்கிற ஆள், அவ்வளவுதான். புதிதாகக் குட்டி வளர்க்க ஆரம்பிக்கிறவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். போனில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். மருந்தின் அளவு எதையும் இதில் தேடாதீர்கள். அது மருத்துவர் நாயை எடை போட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியது.

நாய் வாய் திறந்து சொல்லாதே, உடம்பு சரியில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சொல்லாதது மட்டுமில்லை, மறைக்கவும் செய்யும். கால் ஒடிந்த நாய்கூட உங்களைப் பார்த்தால் வாலை ஆட்டும். எனவே, வால் ஆடுவதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

நோயைத் தேடிக்கொண்டிருப்பதைவிட, நாய் நன்றாக இருக்கும்போது அதன் வழக்கம் என்ன என்று தெரிந்து வைத்திருப்பதுதான் பயன்படும். தட்டில் வைத்ததை எத்தனை நிமிடத்தில் காலி செய்யும்? ஒரு நாளைக்கு எத்தனை முறை சிறுநீர் போகும்? எங்கே படுக்கும், எப்படிப் படுக்கும்? கதவு திறக்கிற சத்தம் கேட்டால் தலையை மட்டும் தூக்குமா, எழுந்து ஓடி வருமா? இதெல்லாம் தெரிந்தவருக்கு ஒரு சின்ன மாற்றமும் கண்ணில் படும். மருத்துவர் உங்கள் நாயைப் பார்ப்பது பத்து நிமிடம். நீங்கள் பார்ப்பது நாள் முழுக்க.

எங்கள் வீட்டில் இருந்த ஒருத்தி தினமும் காலையில் மாடிப்படி ஏறி வந்து என்னை எழுப்புவாள். ஒரு வாரம் வரவில்லை. சாப்பிட்டாள், வாலை ஆட்டினாள், குரைக்கவும் செய்தாள். வயதாகிறது, சோம்பல் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். பத்தாம் நாள் பார்த்தால் ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. உண்ணிக் காய்ச்சல். எப்படியோ பிழைத்துவிட்டாள். ஆனால் படி ஏறாத முதல் இரண்டு நாளிலேயே நான் கிளம்பியிருக்க வேண்டும்.

ஒரு வேளை சாப்பிடவில்லை. பயப்படணுமா?

வளர்ந்த நாய், மற்றபடி துறுதுறுவென்று இருக்கிறது என்றால் ஒரு வேளையை விட்டுப் பார்க்கலாம். சாப்பாட்டை ஒதுக்குவதோடு சோர்வும் சேர்ந்திருந்தாலோ, 24 மணி நேரம் தாண்டினாலோ கொண்டுபோய்க் காட்டுங்கள். குட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் உடம்பில் இருப்பு குறைவு. சாப்பிடாமல் இருந்தால் சில மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை இறங்கித் தள்ளாடும். உருவத்தில் மிகச் சிறிய இனங்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

மூக்கு காய்ந்திருக்கிறது. காய்ச்சலா?

இல்லை. தூங்கி எழுந்த நாய்க்கும் வெயிலில் படுத்திருந்த நாய்க்கும் மூக்கு காய்ந்துதான் இருக்கும். அதேபோல், கடுமையான காய்ச்சலில் கிடக்கிற நாயின் மூக்கு ஈரமாக இருப்பதும் உண்டு. மூக்கை விட்டுவிட்டு ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள்.

நாயின் இயல்பான சூடு 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், அதாவது ஏறக்குறைய 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட். நமக்குக் காய்ச்சல் என்று படுக்கிற அளவு அதற்குச் சாதாரணம். அதனால்தான் கையால் தொட்டுப் பார்த்தால் எந்த நாயும் சூடாகவே தெரிகிறது. முனையில் கொஞ்சம் வாசலின் தடவி, ஆசனவாய்க்குள் இரண்டு சென்டிமீட்டர் அளவு மெதுவாகச் செலுத்திப் பார்க்க வேண்டும். ஓடி விளையாடி வந்த உடனே பார்க்காதீர்கள், அரை மணி நேரம் போகட்டும். 103 ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் காய்ச்சல். 106-ஐ நெருங்கினால் உயிருக்கு ஆபத்து. 99-க்குக் கீழே இறங்குவதும் நல்லதில்லை; சிலர் அதைக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று: அந்தத் தெர்மாமீட்டரில் பெரிதாக ஒரு அடையாளம் போட்டுத் தனியாக வையுங்கள். ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

ஈறைப் பார்க்கச் சொல்கிறார்கள். எதைப் பார்ப்பது?

மேலுதட்டைத் தூக்கினால் தெரியும் ஈறு இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் வெளுக்கும். விட்டதும் 2 விநாடிக்குள் நிறம் திரும்பிவிட வேண்டும். அதற்கு மேல் எடுத்தால் ரத்த ஓட்டம் சரியில்லை. வெளுத்த ஈறு ரத்தச்சோகை அல்லது எங்கோ நடக்கும் ரத்தக்கசிவு. மஞ்சள் என்றால் கல்லீரல் கோளாறு, அல்லது ரத்த அணுக்கள் அழிகின்றன. நீலம் பாய்ந்திருந்தால் ஆக்சிஜன் போதவில்லை. அங்கே நின்று யோசிக்க நேரமில்லை. செங்கல் நிறத்தில் சிவந்திருந்தால் வெப்பத்தாக்கமோ கடும் தொற்றோ இருக்கலாம். தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டினால் உடம்பில் நீர் குறைந்திருக்கிறது.

சில நாய்களுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அவற்றுக்குக் கீழ் இமையை லேசாக இழுத்து உட்புற நிறத்தைப் பாருங்கள்.

வாரம் ஒரு முறை இப்படிப் பார்த்துப் பழகினால் நாய்க்கும் பழகிவிடும். முதல் தடவையே நோய் வந்த அன்றுதான் என்றால் அது வாயைக் காட்டாது.

தூங்கும்போது வேகமாக மூச்சு விடுகிறது. அது சரியா?

கனவு காணும்போது காலை உதைத்துக்கொண்டு வேகமாக மூச்சு விடும், அதை விடுங்கள். ஆழ்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து சில நாள் 30-ஐத் தாண்டினால் காட்ட வேண்டும். இதய நோய் உள்ள நாய்களில் நுரையீரலில் நீர் சேர ஆரம்பிப்பதை இந்த ஒரு எண்ணிக்கை மற்ற அறிகுறிகளுக்கு முன்பே காட்டிக்கொடுக்கும். காசு செலவில்லாத பரிசோதனை இது. வயதான நாய் வைத்திருக்கிறவர்கள் நோட்டில் குறித்து வையுங்கள்.

திடீரென்று தண்ணீர் அதிகமாகக் குடிக்கிறது. நல்லதுதானே?

வெயிலும் விளையாட்டும் காரணம் என்றால் சரி. காரணமில்லாமல் என்றால் அளந்து பாருங்கள். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலையில் மிச்சத்தைக் கழித்தால் போதும். ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 50, 60 மில்லி என்பது வழக்கமான அளவு. 100 மில்லியைத் தாண்டினால் அது கோளாறு. சிறுநீரகம், சர்க்கரை நோய், குஷிங் என்கிற ஹார்மோன் கோளாறு, பெண் நாய்க்குக் கர்ப்பப்பையில் சீழ் என்று பட்டியல் நீளும். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிற நாயும் நிறையக் குடிக்கும். எதுவானாலும் தண்ணீரை மட்டும் நிறுத்தாதீர்கள். வீட்டுக்குள் சிறுநீர் போகிறது என்று இரவில் கிண்ணத்தை எடுத்து வைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்; சிறுநீரகம் கெட்ட நாய்க்கு அது பெரிய தீங்கு.

வாந்தி எடுத்தால் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

ஒரு தடவை எடுத்துவிட்டு, பழையபடி வாலைத் தூக்கிக்கொண்டு சுற்றினால் கவனித்துக்கொண்டே இருக்கலாம். திரும்பத் திரும்ப எடுத்தால், குடித்த தண்ணீரும் தங்காவிட்டால், ரத்தம் தெரிந்தால், கூடவே பேதியும் இருந்தால் காத்திருக்க வேண்டாம். குட்டி என்றால் அன்றே காட்ட வேண்டும்.

பலர் இரண்டு வேறு விஷயங்களை வாந்தி என்றே சொல்கிறார்கள். வயிறு குலுங்கி, எச்சில் ஒழுகி, சிரமப்பட்டு வெளியே வந்தால் வாந்தி. எந்தச் சிரமமும் இல்லாமல், தலையைக் குனிந்ததும் செரிக்காத சாப்பாடு குழாய் வடிவில் சரிந்து விழுந்தால், அது வயிறு வரை போகவே இல்லை. கோளாறு உணவுக்குழாயில் இருக்கலாம். மருத்துவரிடம் இந்த வித்தியாசத்தைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

மலத்தையும் பாருங்கள், முகம் சுளிக்காமல். பளிச்சென்று சிவப்பு ரத்தம் என்றால் குடலின் கடைசிப் பகுதி. தார் மாதிரி கறுத்து ஒட்டினால் வயிற்றிலோ சிறுகுடலிலோ ரத்தம் கசிகிறது. பார்க்க அவ்வளவு பயமாக இராது, ஆனால் இரண்டாவதுதான் பெரும்பாலும் மோசம்.

நடு ராத்திரி ஆனாலும் ஓட வேண்டிய நிலைமைகள் எவை?

முதலாவது, வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று முயன்று ஒன்றும் வராமல் எச்சில் மட்டும் ஒழுகுவது. இரைப்பை காற்றால் ஊதி முறுக்கிக்கொள்ளும் நோய் இது. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன் போல ஆழமான நெஞ்சுள்ள பெரிய நாய்களுக்கு அதிகம் வரும். நாய் நிலைகொள்ளாமல் நடக்கும், படுக்கும், எழும். முறுக்கிய இரைப்பை சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும். அறுவை சிகிச்சை தவிர வழி இல்லை. காலையில் பார்க்கலாம் என்றால் காலையில் நாய் இராது. ஒரே வேளையில் மொத்தமாகப் போடுவதும், நாய் அவசர அவசரமாக விழுங்குவதும் இந்த ஆபத்தைக் கூட்டும். எனவே பெரிய நாய்க்கு இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள்.

இரண்டாவது, சிறுநீர் கழிக்க முக்கி முக்கிப் பார்த்தும் சொட்டுகூட வராதது. ஆண் நாய்க்குக் கல் அடைத்திருக்கலாம்.

மூன்றாவது வெப்பத்தாக்கம். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். பக், புல்டாக் மாதிரி தட்டை மூக்கு நாய்களால் அதையும் ஒழுங்காகச் செய்ய முடியாது. மூச்சிரைப்பு அடங்காமல், எச்சில் கெட்டியாகி, கால் தள்ளாடினால் அங்கேயே குளிர வைக்க ஆரம்பியுங்கள். அப்புறம்தான் வண்டி. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறி போடுங்கள். ஈரத் துண்டைப் போர்த்திவிட்டு விட்டுவிடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். குளிர்ந்த தண்ணீர் கூடாது என்று முன்பு சொல்வார்கள். தாமதம்தான் கொல்கிறது என்பது இன்றைய புரிதல். நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம்தானே என்று விட்டுவிட்டுப் போவது இந்த வகையில்தான் முடியும்.

நான்காவது, 5 நிமிடம் தாண்டியும் நிற்காத வலிப்பு, அல்லது ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை வருவது. வலிப்பின்போது வாய்க்குள் கையோ கரண்டியோ விடாதீர்கள். நாய் நாக்கை விழுங்காது. உங்கள் விரலைத்தான் கடிக்கும். சுற்றியுள்ள பொருட்களை நகர்த்திவிட்டு, விளக்கைக் குறைத்துவிட்டு, கடிகாரத்தைப் பாருங்கள். கூட ஒருவர் இருந்தால் போனில் வீடியோ எடுக்கட்டும்.

மூச்சுத் திணறல், நிற்காத ரத்தம், மயங்கி விழுதல், அடிபடுதல் போன்றவை உங்களுக்கே தெரியும்.

குட்டிக்கு ஏன் ஒரே தடுப்பூசியை மூன்று நான்கு தடவை போடுகிறார்கள்? வியாபாரமா?

இந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. காரணம் தாய்ப்பால். பிறந்ததும் குடிக்கிற சீம்பாலில் தாயின் நோய் எதிர்ப்புப் பொருள் குட்டிக்கு வந்துவிடுகிறது. அது குட்டியைக் காப்பாற்றும். ஆனால் ஊசியில் போகிற வைரஸையும் எதிரி என்று நினைத்து அழித்துவிடும். தாயிடமிருந்து வந்தது கரைந்த பிறகு போட்ட ஊசிதான் பிடிக்கும். அது எப்போது கரையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும்: சிலதுக்கு 8 வாரம், சிலதுக்கு 14 வாரம். எந்தக் குட்டிக்கு எப்போது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால் 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், 16 வாரம் நிறைகிற வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். கடைசி ஊசியைத் தவறவிட்டால் முன்னால் போட்டதெல்லாம் வீணாகப் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

எல்லா நாய்க்கும் கட்டாயமானவை டிஸ்டெம்பர் (மூச்சையும் நரம்பையும் தாக்கும் வைரஸ் நோய்), பார்வோ (குடலைத் தாக்கும் வைரஸ் நோய்), தொற்றுக் கல்லீரல் அழற்சி, வெறிநோய் ஆகிய நான்குக்கும் எதிரானவை. எலி சிறுநீர் கலந்த தண்ணீரால் வரும் லெப்டோ மனிதருக்கும் தொற்றும். அது சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும் என்பதால் அதையும் போட்டுக்கொள்வது நல்லது என்பேன். லெப்டோ ஊசியின் பலம் ஏறக்குறைய ஒரு வருடம்தான். மற்றவற்றுக்கு ஒரு வருடம் கழித்து பூஸ்டர். அதன் பிறகு எத்தனை வருடத்துக்கு ஒரு முறை என்பது மருந்தையும் சட்டத்தையும் பொறுத்தது.

என் நாய் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. அதற்கும் வேணுமா?

நீங்கள் போகிறீர்களே! பார்வோ உங்கள் செருப்பில் வரும். 1978-ல் முதன்முதலாக அடையாளம் காணப்பட்ட இந்த வைரஸ், பூனைகளைத் தாக்கும் ஒரு வைரஸின் நெருங்கிய உறவு. இரண்டே வருடத்தில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. எந்த நாய்க்கும் அதற்கு எதிர்ப்பு இல்லாததால் அப்போது வளர்ந்த நாய்களும் செத்தன. மண்ணில் மாதக்கணக்கில், சாதகமான இடத்தில் ஒரு வருடம்கூட அது உயிரோடு கிடக்கும். கைக்குத் தடவுகிற சானிடைசர் அதை ஒன்றும் செய்யாது. வீட்டு பிளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, முதலில் அழுக்கைக் கழுவிவிட்டு, பத்து நிமிடம் ஊற விட்டால்தான் சாகும்.

குட்டி திடீரென்று சுருண்டு படுத்து, வாந்தியும் நாற்றமெடுக்கும் ரத்தப் பேதியுமாக இருந்தால் பார்வோ என்றே எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். வைரஸைக் கொல்ல வீட்டு வைத்தியம் கிடையாது. சலைன் ஏற்றி, வாந்தியை அடக்கி, உடம்பு தானே போராடும் வரை தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. சீக்கிரம் போனால் பெரும்பாலான குட்டிகள் பிழைக்கும். போகும்போது முன்கூட்டியே போன் செய்து சொல்லிவிடுங்கள், காத்திருப்பு அறையில் மற்றக் குட்டிகளும் இருக்கும்.

வெறிநோய் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

அறிகுறி தோன்றிவிட்டால் நாய்க்கும் மனிதருக்கும் ஏறக்குறைய எப்போதும் மரணம்தான். லூயி பாஸ்டர் 1885-ல் முதல் சிறுவனுக்கு ஊசி போட்டுக் காப்பாற்றியது நோய் தொடங்குமுன். இன்றும் அந்த நிலைமை மாறவில்லை, முன்னால் போட்டால்தான் உண்டு.

வெறி பிடித்த நாய் கண்டதையெல்லாம் கடிக்கும் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரு வகையில் நாய் அமைதியாகி, இருட்டில் ஒதுங்கி, தாடை தொங்கி, எச்சில் வடித்துக்கொண்டு கிடக்கும். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று கையை விட்டுப் பார்த்து மாட்டிக்கொள்கிறவர்கள் இப்படித்தான்.

கடித்தாலோ, காயத்தில் நக்கினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு முழுதாக 15 நிமிடம் கழுவுங்கள். அப்புறம் நேராக மருத்துவமனை. கடித்த நாயை 10 நாள் கவனிக்கச் சொல்வது உண்மைதான், அதற்காக உங்கள் முதல் ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் நாயை வேறொரு நாய் கடித்திருந்தால், ஊசி போட்டிருந்தாலும், காயத்தைக் கழுவிவிட்டு அன்றே காட்டுங்கள். உடனடியாக ஒரு பூஸ்டர் தேவைப்படும்.

உண்ணியைக் கையால் பிடுங்கிப் போட்டுக்கொண்டே இருக்கிறேன், தீரவே மாட்டேன் என்கிறது!

தீராது. நாய் மேல் நீங்கள் பார்ப்பது கொஞ்சம்தான். மிச்சம் சுவர் வெடிப்பிலும் கதவு இடுக்கிலும் இருக்கிறது. நாயைப் பிடிக்கும் பழுப்பு உண்ணி வீட்டுக்குள்ளேயே வாழ்க்கையை முடித்துக்கொள்ளும். வயிறு முட்டக் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் ஏறி, இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். குஞ்சு, இளம் உண்ணி, வளர்ந்த உண்ணி என்று ஒவ்வொரு கட்டத்திலும் நாய் மேல் ஏறிக் குடித்துவிட்டு இறங்கும். நாயையும் வீட்டையும் சேர்த்துக் கவனித்தால்தான் ஒழியும். அதுவும் ஒரு வாரத்தில் ஆகாது, சில மாதம் விடாமல் செய்ய வேண்டும்.

பிடுங்குவதற்கு இடுக்கி. தோலை ஒட்டிப் பிடித்து, நேராக, நிதானமாக இழுங்கள். தீக்குச்சியால் சுடுவது, மண்ணெண்ணெய் வைப்பது எல்லாம் வேண்டாம். எரிச்சலில் உண்ணி தன் வயிற்றில் உள்ளதை நாயின் ரத்தத்தில் கக்கும் அபாயம் உண்டு. விரலால் நசுக்கவும் கூடாது. சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள். தேட வேண்டிய இடங்கள்: காதின் உட்புறம், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்குக் கீழே, அக்குள், வாலின் அடி.

உண்ணியால் வருவது அரிப்பு மட்டும் என்றால் இவ்வளவு எழுத மாட்டேன். எர்லிக்கியா, பபீசியா என்ற இரண்டு கிருமிகளை அது ரத்தத்தில் விட்டுவிடும். காய்ச்சல், சோர்வு, வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளி, காப்பி நிறச் சிறுநீர் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் ரத்தப் பரிசோதனை தேவை. எர்லிக்கியா இன்னும் தந்திரமானது: முதல் காய்ச்சல் தானாக அடங்கி, மாதங்களோ வருடங்களோ ஒன்றும் தெரியாமல் இருந்து, பிறகு எலும்பு மஜ்ஜையையே தாக்கும். அதனால் மருத்துவர் நான்கு வாரத்துக்கு மாத்திரை எழுதினால் நான்கு வாரமும் கொடுங்கள். மூன்றாம் நாளே நாய் குதிக்க ஆரம்பித்துவிடும், அதைப் பார்த்து நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

தடுப்புக்கு மாத்திரை, முதுகில் விடும் சொட்டு மருந்து, பட்டை என்று பல வகை உண்டு. வாங்குமுன் மூன்று விஷயத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள். வீட்டில் பூனை இருந்தால் சொல்லுங்கள், பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு முன்பு வலிப்பு வந்திருந்தால் சொல்லுங்கள், சில உண்ணி மாத்திரைகள் அதைத் தூண்டலாம். கோலி (Collie) போன்ற மந்தை நாய் இனமோ அதன் கலப்போ என்றால் சொல்லுங்கள், ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து அவற்றில் பலவற்றுக்கு மூளை வரை ஏறிவிடும். மாட்டுக்கு வைத்திருக்கிற ஐவர்மெக்டினை நாய்க்குப் போடுவது எந்த இனமானாலும் சூதாட்டம்.

குடற்புழு மருந்து எத்தனை நாளைக்கு ஒரு முறை?

குட்டிக்கு இரண்டாம் வாரத்திலேயே தொடங்க வேண்டும். உருண்டைப்புழு தாயின் வயிற்றிலிருந்தே வருகிறது, கொக்கிப்புழு பாலில் வருகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மூன்று மாதம் வரை, பிறகு மாதம் ஒன்று ஆறு மாதம் வரை, அதன் பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்பது பொதுவான கணக்கு. மலத்தில் அரிசி மாதிரி ஏதாவது நெளிந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளுப்பூச்சியை விழுங்கியதால் வந்தது. தெள்ளை ஒழிக்காமல் புழு மாத்திரை மட்டும் கொடுத்தால் அடுத்த மாதம் திரும்பி வரும்.

கொசு கடித்து வரும் இதயப்புழு தனிக் கதை. கொசு விட்ட புழு வளர்ந்து இதயத்தருகே குடியேற ஆறு மாதம் ஆகும். தடுப்பு மருந்தைத் தொடங்குமுன் வளர்ந்த நாய்க்குப் பரிசோதனை செய்துவிட வேண்டும்.

நாம் சாப்பிடுவதில் எது நாய்க்கு ஆகாது? காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தரலாமா?

தரக் கூடாது. பாராசிட்டமால் கல்லீரலையும் ரத்தத்தையும் கெடுக்கும். ஐபுப்ரோஃபென் இரைப்பையில் புண் உண்டாக்கி, சிறுநீரகத்தையும் முடக்கும். குழந்தைக்குத் தருகிற அளவுதானே என்பது வாதமே இல்லை.

உணவில் சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை, வெங்காயம், பூண்டு, மக்கடாமியா கொட்டை, சைலிட்டால் என்ற சர்க்கரைக்குப் பதிலான இனிப்பு கலந்த சூயிங்கம் எல்லாம் விஷம். சாக்லேட் எவ்வளவு கறுப்போ அவ்வளவு ஆபத்து. சைலிட்டால் அரை மணி நேரத்திலேயே சர்க்கரையை இறக்கிவிடும். திராட்சை ஒரு நாயை ஒன்றும் செய்யாமல், இன்னொன்றின் சிறுநீரகத்தை முடக்கிவிடும்.

எலி மருந்து தின்றதைப் பார்த்தால், நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று விடாதீர்கள். ரத்தத்தை உறையவிடாமல் செய்யும் வகையின் அறிகுறி மூன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் வரும். உடனே போனால் எளிதாக முறிக்கலாம். டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது தனி ஆபத்து. பெட்ரோல், ஆசிட் வகை என்றால் வாந்தியே கூடாது.

பெண் நாய்க்குக் கருத்தடை செய்யாவிட்டால் என்ன?

ஹீட் (இணை சேரும் பருவம்) முடிந்த நாலு முதல் எட்டு வாரத்தில் கர்ப்பப்பையில் சீழ் வைக்கலாம். கருத்தடை செய்யாத பெண் நாய்களில் சுமார் நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இது வருவதாக ஸ்வீடனின் நாய்க் காப்பீட்டுக் கணக்குகள் காட்டின. அதிகத் தண்ணீர், மந்தம், பிறப்புறுப்பிலிருந்து சீழ். கர்ப்பப்பையின் வாய் மூடியிருக்கும் வகையில் சீழ் வெளியே வராமல் உள்ளேயே நிறையும், அதுதான் மோசம். எந்த வயதில் அறுவை செய்வது என்பது இனத்தையும் உருவத்தையும் பொறுத்தது. பெரிய இனங்களுக்கு எலும்பு வளர்ந்து முடியட்டும் என்று காத்திருக்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கொழுகொழுவென்று இருப்பது ஆரோக்கியம்தானே?

அழகு உங்களுக்கு, மூட்டு வலி அதற்கு. லாப்ரடார் நாய்கள் 48-ஐ ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக ஆயுள் முழுக்கப் போட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2002-ல் வெளியானது. குறைவாகச் சாப்பிட்டவை சராசரியாக 13 வருடம் இருந்தன, மற்றவை 11.2 வருடம். மூட்டுத் தேய்மானமும் தள்ளித்தான் வந்தது. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்க வேண்டும். இரண்டும் இல்லை என்றால் சாப்பாட்டைக் குறையுங்கள்.

பின்புறத்தைத் தரையில் தேய்க்கிறது. புழுவா?

பெரும்பாலும் ஆசனவாய்ச் சுரப்பி அடைத்திருக்கும். மருத்துவர் இரண்டு நிமிடத்தில் பிதுக்கிவிடுவார். வீக்கமோ ரத்தமோ இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

புல் தின்கிறதே?

தின்னட்டும். பூச்சிமருந்து அடித்த புல்லாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

பல், காது?

வாய் நாற்றம் நாய்க்கு இயல்பு என்பது தவறு. மூன்று வயதுக்குள் பெரும்பாலான நாய்களுக்கு ஈறு நோய் ஏதோ ஓர் அளவில் தொடங்கிவிடுகிறது. நாய்க்கான பற்பசையால் தேய்த்துப் பழக்குங்கள். நம்முடையது கூடாது, விழுங்கிவிடும். தொங்கு காது நாய்களில் ஈரம் தங்கும். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தால், காதில் நாற்றம் வந்தால் காட்டுங்கள். பட்ஸ் விட்டுக் குடையாதீர்கள்.

வயதான நாய், தளர்ந்துவிட்டது. வயசுதானே என்று விட்டுவிடலாமா?

முதல் கேள்விக்குச் சொன்ன கதையில் நான் செய்தது அதுதான். எழுந்திருக்கச் சிரமப்படுவது மூட்டு வலியாக இருக்கும், அதற்கு மருந்து உண்டு. இரவு இருமல் இதயமாக இருக்கலாம். இரவெல்லாம் விழித்து நடப்பது, மூலையில் போய் முட்டிக்கொண்டு நிற்பது, பழகிய ஆளை மறப்பது எல்லாம் மூளைத் தளர்ச்சி. அதையும் ஓரளவு சமாளிக்கலாம். கட்டி தட்டுப்பட்டால் அளந்து தேதியோடு குறித்து வையுங்கள். தொட்டுப் பார்த்தே கொழுப்புக் கட்டி என்று யார் சொன்னாலும், ஊசியில் உறிஞ்சி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். ஏழெட்டு வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரத்தம், சிறுநீர் பார்ப்பது வீண் செலவில்லை.

மருத்துவரிடம் போகும்போது என்ன கொண்டு போக வேண்டும்?

தடுப்பூசி அட்டை, கொடுத்துக்கொண்டிருக்கிற மருந்துகள், முடிந்தால் அன்றைய மலம் ஒரு டப்பாவில். இருமல், நொண்டல், வலிப்பு எதுவானாலும் வீடியோ. ஏனென்றால் வீட்டில் நாள் முழுக்க நொண்டிய நாய் ஆஸ்பத்திரி வாசலில் குதிரை மாதிரி நடக்கும், கூட்டிப்போன நாம்தான் அசடு வழிய நிற்க வேண்டும்.

எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது சாப்பிட்டது, எப்போது சிறுநீர் போனது என்பதை எழுதிக்கொண்டு போங்கள். பதற்றத்தில் எல்லாம் மறந்துவிடும். வீட்டிலிருந்த மாத்திரையை நீங்களாகவே கொடுத்திருந்தால் வெட்கப்படாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். திட்டு விழும், பரவாயில்லை. அதை மறைத்தால் மேலே கொடுக்கிற மருந்து நாயைக் கொல்லக்கூடும்.